செய்தியின் வயது
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு விஞ்ஞானம் பற்றியும் ஓர் உரை வேண்டும் என்று செயற்குழுவினர் தீர்மானித்து, பெங்களூரில் நிறைந்து கிடக்கும் பேராசிரியர்களை எல்லாம் விட்டுவிட்டு, ரயில்வே அலுவலகத்து எழுத்தரான நம்மை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டவர்கள் நாம். ஆயினும், ஒரு செய்தி எத்தனை மணிக்குப் பிறந்தது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்ற இரண்டையும் குறித்து வைப்பதிலேயே இருபதாண்டுகளுக்கு மேல் கழித்திருக்கிறோம். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. வானில் பறக்கும் சிறு விமானங்கள் வாயிலாகக் கம்பியில்லாமல் செய்தி அனுப்பும்போது, அச்செய்தியைப் பழசாகாமல் காப்பது எப்படி என்பதுதான் அது.

ஆளில்லாச் சிறு விமானத்தை ட்ரோன் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது தலைக்கு மேலே வண்டுபோல் இரைந்துகொண்டு படம் பிடிக்கிறதே, அதுதான். 2022 ஜனவரி 29 அன்று தில்லியில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் ஆயிரம் ட்ரோன்கள் ஒன்றாய் எழுந்து வானத்தில் சித்திரம் வரைந்ததைப் பலரும் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் அமைத்த தக்ஷா குழுவின் பெயரும் உங்களுக்குப் புதிதன்று. வேடிக்கைக்கும் படத்துக்கும் மட்டுமே இது ஆகும் என்று எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லாமையால் செல்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்த குடும்பங்கள் நம் காலனியில் எத்தனையோ உண்டு. அந்நாட்களில் அவ்வீடுகளில் அடுப்பு எரிந்ததேயன்றி, சோறு இறங்கியதா என்று கேட்காதீர்கள். ஊரிலிருந்து வந்த ஒருவர், "உங்கள் அப்பாவைப் பார்த்தேன், நன்றாயிருக்கிறார்" என்றபோது, "எப்போது பார்த்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாய் எழுந்தது. புயலுக்கு முதல் நாள் பார்த்தவர் சொன்ன சொல்லால் யாருக்கு ஆறுதல் உண்டாகும்? செய்தி உண்மையானதே, ஆனால் அதற்கு வயதாகிவிட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது இதற்கும் பொருந்தும்.

கோபுரம் சாய்ந்த இடத்தில் பறக்கும் கோபுரம் ஒன்றை நிறுத்தலாம் என்பதை வேறு நாட்டில் செய்து காட்டியும் விட்டார்கள். 2017 செப்டம்பரில் மரியா என்னும் சூறாவளி போர்ட்டோ ரிக்கோத் தீவைச் சின்னாபின்னப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பரில், அமெரிக்காவின் ஏ.டி.அண்ட்.டி. தொலைபேசி நிறுவனத்தார் சிறு ஹெலிகாப்டர் போன்ற ட்ரோன் ஒன்றைக் கயிறு கட்டினாற்போல் மின்கம்பி கட்டி 200 அடி உயரத்தில் நிறுத்தினார்கள். அது 40 சதுர மைல் பரப்புக்குத் தொலைபேசித் தொடர்பு தரவல்லது. கம்பி வழியாக மின்சாரம் ஏறிக்கொண்டே இருந்தபடியால் அது களைக்கவில்லை. கம்பி கட்டாமல் பறக்கும் சாதாரணச் சிறு ட்ரோனோ அரை மணி நேரம் பறந்தால் பாட்டரி தீர்ந்து இறங்கிவிடும். இந்த அரை மணிதான் நம் கதையின் முடிச்சு. அதற்கு வருமுன், செய்தியின் வயது என்ற கணக்கைச் சற்று விளக்க வேண்டும்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ராய் யேட்ஸ், மார்கோ குரூட்டெசர் ஆகியோரும், தில்லி இந்திரப்பிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆசிரியரான சஞ்சித் கௌல் என்பவரும் 2011, 2012ஆம் ஆண்டுகளில் இக்கணக்கை எழுதி வெளியிட்டனர். சாலையில் ஓடும் மோட்டார்கள் தாம் இருக்குமிடத்தை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்வது பற்றிய ஆராய்ச்சியில் அது பிறந்தது. அவர்கள் சொன்னது யாதெனில்: நம் கையில் உள்ள செய்திகளுள் மிகப் புதியது எதுவோ, அது பிறந்த நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியே வயது. புதுச் செய்தி வராதவரை வயது விநாடிக்கு விநாடி ஏறிக்கொண்டே போகும். வந்தவுடன் சடக்கென்று இறங்கும். பூஜ்யத்துக்கு இறங்காது, வழியில் எவ்வளவு நேரம் கழிந்ததோ, அந்த அளவுக்கே இறங்கும். மறுபடி ஏறும். காகிதத்தில் வரைந்தால் ரம்பத்தின் பற்கள் போலத் தோன்றும்.

இதில் புதுமை என்ன, தாமதம் என்று நாம் வழக்கமாகச் சொல்வதுதானே எனலாம். அன்று. நாளைக்கு ஒரே ஒரு தபால் வருகிறது, அனுப்பிய ஒரு மணியில் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் ஒரு மணிதான். ஆனால் அடுத்த தபால் வருமுன் நம் கையிலுள்ள செய்திக்கு 25 மணி வயதாகிவிடும். சரி, ஓயாமல் அனுப்பினால் என்ன? அப்போது தபால்காரர் பையில் குவியல் சேரும். வரிசையில் நின்று நின்றே ஒவ்வொன்றும் கிழமாகும். கவுண்டரில் வேலை பார்த்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். கவுண்டர் ஒரு நொடியும் சும்மா இருக்கக் கூடாது என்று மேலதிகாரி நினைப்பார். வரிசையே இருக்கக் கூடாது என்று பிரயாணி நினைப்பார். வருவதும் தீர்வதும் ஒழுங்கின்றி நேரும் ஒற்றை வரிசையில், செய்தி மிகப் புதிதாக இருக்க வேண்டுமானால், அனுப்பும் கருவி நூற்றில் ஏறக்குறைய 53 பங்கு நேரம் வேலை செய்து, மிச்ச நேரம் ஓய்ந்திருக்க வேண்டும் என்று மேற்சொன்ன மூவரும் கணக்கிட்டுக் காட்டினர். பாதிக்குச் சற்று மேல் வேலை! எந்த அலுவலகத்தில் இதைச் சொன்னாலும் நம்மைச் சோம்பேறி என்பார்கள். கணக்கு என்னவோ அப்படித்தான் வருகிறது.

இன்னொரு வழியும் உண்டு. புதுத் தாள் வந்தவுடன் குவியலிலுள்ள பழைய தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, புதியதை முதலில் அனுப்பிவிடலாம். ஆற்றில் நீர் 9 அடி என்ற செய்தி வந்த பிறகு, 7 அடி என்ற முந்திய செய்தியை யார் கேட்கப் போகிறார்கள்? முன் வந்தவர்க்கு முன் என்னும் நியாயத்தில் ஊறிய எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு இது முதலில் கசக்கும். மனுவையும் மணியார்டரையும் அப்படிக் கிழிக்க முடியாதுதான். ஒருவர் மனுவை இன்னொருவர் மனு ரத்து செய்வதில்லை. அவை ஒவ்வொன்றும் ஒரு கடன். நிலவரச் செய்தியோ அப்படியன்று. புதியது பழையதை விழுங்கிவிடும். எது எந்த ஜாதிக் காகிதம் என்று பிரித்தறிவதே இங்கு அறிவுடைமை.

ரயில்வேயில் இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்டுக்கு ரயில் வந்தது. அது முதல் நெடுங்காலம் வரை, இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டி எங்கே ஓடுகிறது என்பது கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் "வண்டி தாண்டியது" என்று சொன்னால்தான் தெரியும். அடுத்த ஸ்டேஷன் வாய் திறக்கும் வரை அந்தச் செய்தியின் வயது ஏறிக்கொண்டேயிருக்கும். இப்போது இஸ்ரோவின் துணையோடு என்ஜினில் ஒரு கருவி பொருத்துகிறார்கள். 2022க்குள் 2,700 என்ஜின்களில் பொருத்தியாயிற்று. செயற்கைக்கோளிலிருந்து இடத்தையும் நேரத்தையும் அறிந்து, 30 விநாடிக்கு ஒரு முறை அது செய்தி அனுப்புகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 30 விநாடியில் 833 மீட்டர் ஓடிவிடும். ஆகவே கன்ட்ரோலர் திரையில் காணும் புள்ளி வண்டியன்று; முக்கால் கிலோமீட்டருக்கு மேல் பின்தங்கிய அதன் நிழல் என்றே கொள்ள வேண்டும். கன்ட்ரோல் வேலைக்கு அது போதும். ட்ரோன்கள் கூட்டமாய்ப் பறக்கும்போது போதாது. விநாடிக்கு 15 மீட்டர் செல்லும் ட்ரோன் தன் இருப்பிடத்தை ஒரு விநாடி பழசாகச் சொன்னால் 15 மீட்டர் பொய் சொன்னதாகும். பக்கத்தில் பறப்பது அதற்குள் மோதிவிடும்.

வயதைக் கணக்கிட எல்லாக் கடிகாரங்களும் ஒன்றுபோல் ஓட வேண்டும் என்பதை மறக்கலாகாது. தினந்தோறும் மாலை 4 மணிக்கு எல்லா ஸ்டேஷன்களுக்கும் நேரக் குறிப்பு அனுப்பிக் கடிகாரத்தைச் சரி செய்வது ரயில்வேயில் நெடுநாள் வழக்கம். ட்ரோனுக்குச் செயற்கைக்கோள் அந்த வேலையைச் செய்கிறது. சிக்னல் விளக்கு எரியாவிட்டால் அதை அபாயக் குறியாகவே கொண்டு நிறுத்த வேண்டும் என்பது டிரைவர்கள் அறிந்த விதி. ட்ரோனுக்கும் அவ்விதியே: தரையிலிருந்து கட்டளை வருவது குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால், புறப்பட்ட இடத்துக்கே தானாகத் திரும்பி வருமாறு அமைத்திருக்கிறார்கள். பழைய கட்டளையை நம்பிப் பறப்பதைவிட வீடு திரும்புவது மேல்.

இனி அந்த அரை மணி முடிச்சுக்கு வருவோம். ஓர் ஆற்றங்கரை ஊர் இருக்கிறது. ஆற்றின் மேல்புறத்தில் 2, 4, 6, 8 கிலோமீட்டர்களில் நீர்மட்டம் அளக்கும் கருவிகள் நான்கு இருக்கின்றன. புயலில் கோபுரங்கள் விழுந்து, கருவிகள் பேச வழியில்லை. விநாடிக்கு 10 மீட்டர் செல்லும் ட்ரோன் ஒன்று ஊரிலிருந்து புறப்பட்டு, நான்கையும் தாண்டி, திரும்பி வந்து கணக்கை ஒப்படைக்கிறது. போக 800 விநாடி, வர 800 விநாடி. ஆக 1,600 விநாடி, அதாவது 27 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. பாட்டரிக்கு இதுவே எல்லை.

போகும்போதே கருவிகளைப் படித்துக்கொண்டு போனால், முதல் கருவியின் செய்தி ஊர் வந்து சேரும்போது அதற்கு 1,400 விநாடி வயது, இரண்டாவதற்கு 1,200, மூன்றாவதற்கு 1,000, கடைசிக்கு 800. சராசரி 1,100 விநாடி. போகும்போது வாய் மூடிப் போய், திரும்பி வரும்போது படித்தால்? கடைசிக் கருவிக்கு 800, அடுத்ததற்கு 600, பின் 400, பின் 200. சராசரி 500 விநாடிதான். அதே ட்ரோன், அதே பாட்டரி, அதே தூரம். காசு செலவில்லாமல் வயது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. டைம்டேபிள் போடுகிறவர்கள் இதைக் கண்டால் மகிழ்வார்கள். எங்களுக்கு இக்கணக்கு விளங்கிய அன்று உண்மையில் தூக்கம் வரவில்லை.

ஆனால் கடைசிக் கருவியைப் பாருங்கள். இரண்டு முறையிலும் அதற்கு 800 விநாடிதான், அணுவளவும் இறங்கவில்லை. வெள்ளம் எங்கிருந்து வருகிறது? அந்தக் கடைசிக் கருவிப் பக்கத்திலிருந்துதான். இறங்கிய உடனேயே ட்ரோன் மறுபடி கிளம்பினாலும், அடுத்த செய்தி வந்து சேரும் தறுவாயில் ஊரார் கையிலுள்ள செய்திக்கு 2,400 விநாடி, அதாவது 40 நிமிஷம் வயதாகியிருக்கும். ட்ரோன் படித்துவிட்டுத் திரும்பிய மறுகணம் அங்கே வெள்ளம் புரண்டது என்று வையுங்கள். நீர் விநாடிக்கு 2 மீட்டர் ஓடினால், செய்தி ஊருக்கு வருவதற்குள் வெள்ளம் 4.8 கிலோமீட்டர் வந்துவிடும். மிச்சம் 3.2 கிலோமீட்டர். கிழவர்களையும் குழந்தைகளையும் மாட்டையும் மேட்டுக்கு ஏற்ற 26 நிமிஷம் மட்டுமே கிடைக்கும். செய்தி உடனுக்குடன் வந்திருந்தால் 66 நிமிஷம் கிடைத்திருக்கும். செய்தியின் வயது என்பது ஏட்டுக் கணக்கன்று என்பதற்கு இந்த 40 நிமிஷமே சாட்சி.

சராசரியைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கிளம்பினால் ஒரு விபரீதமும் உண்டு. பக்கத்திலுள்ள இரண்டு கருவிகளுக்கு மட்டும் ட்ரோனை அடிக்கடி அனுப்பினால் அவை இரண்டும் பளிச்சென்று புதிதாயிருக்கும். அறிக்கையில் அழகிய எண்கள் தோன்றும். கடைக்கோடிக் கருவி கிழடு தட்டிக் கிடக்கும். ஆகவேதான் இத்துறையில் உழைப்போர் சராசரி வயதை மட்டும் பாராமல், உச்ச வயதையும் பார்க்கிறார்கள். எந்த இடத்துச் செய்தி உயிருக்கு நெருங்கியதோ அதற்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாராமல், எவ்வளவு பழசாகிவிட்டது என்று பார்த்து ட்ரோனை அனுப்பும் முறைகளும் உண்டு. கடைக்கோடிக்கு முதல் மரியாதை தராத எந்த முறையும் நம் மனத்துக்கு ஒப்பவில்லை. கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் வருவதற்கு முன் செய்தியாவது வர வேண்டாமா?

மாற்று வழி, ட்ரோன்களைச் சங்கிலியாய் நிறுத்துவது. மூன்று நான்கு ட்ரோன்கள் இடைவெளி விட்டு வானில் நின்று, ஒன்று சொல்வதை மற்றொன்று வாங்கிக் கம்பியில்லா அலையாய் அனுப்பினால், 8 கிலோமீட்டர் செய்தி கண்ணிமைக்குமுன் வந்துவிடும். கம்பியில்லா அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவது. ஆனால் நிற்பதற்கும் பாட்டரி வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை ஒன்று இறங்க, வேறொன்று ஏற வேண்டும். ஒன்று விடுபட்டால் சங்கிலி அறும். எவ்வளவு உயரத்தில் நிற்பது என்பதும் கேள்வியே. உயர ஏறினால் தென்னந்தோப்பும் மாடி வீடும் மறைக்காமல் கருவி கண்ணில் படும். மிக ஏறினால் தூரம் கூடி அலை மெலியும். தூரம் இரு மடங்கானால் அலையின் வலிவு நாலில் ஒன்றாகிவிடும். தாழ்ந்தும் போகாமல் உயர்ந்தும் போகாமல் ஒரு நடு உயரம் உண்டு. நகரத்துக்கு ஒன்று, வயல்வெளிக்கு வேறொன்று.

நாம் வாழும் பெங்களூரில் நிலைமை யாது? 1988இல் வறட்சிக் கண்காணிப்புக்கெனத் தொடங்கி, இன்று எலகங்காவில் இயங்கும் கர்நாடக அரசின் இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம், கிராமப் பஞ்சாயத்துதோறும் மழைமானி வைத்து, 15 நிமிஷத்துக்கு ஒரு முறை அளவைத் தானாகவே பெறுகிறது. பாராட்டத் தக்க ஏற்பாடு. ஆனால் மழைமானி மழையைத்தான் சொல்லும். ராஜகால்வாய் எங்கே அடைத்துக்கொண்டது என்று சொல்லாது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பக்கமெல்லாம் நீர் சூழ்ந்து, டிராக்டரிலும் படகிலும் மக்களை ஏற்றிச் சென்றதை நாம் கண்டோம். அத்தகைய நாளில் மேலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று பழைய பெங்களூர்க்காரர்கள் இன்றும் அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் செய்தியின் வயது பற்றிய கணித ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ட்ரோன் செய்யும் கம்பெனிகளும் இவ்வூரில் உண்டு.

இருந்தும் இவ்வூருக்கே உரிய ஓர் இடையூறு உண்டு. 2021 ஆகஸ்டு 25 அன்று வெளியான மத்திய அரசின் ட்ரோன் விதிகளின்படி, பசுமை மண்டலத்தில் 400 அடி வரை முன்னனுமதியின்றிப் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான். அதனினும் நெருங்கினால் அனுமதி வேண்டும். பெங்களூரிலோ தேவனஹள்ளி, எச்.ஏ.எல்., எலகங்கா, ஜக்கூர் என்று பல விமானத் தளங்கள். விமானத்தில் வருவோர் உயிரைக் காக்க இவ்விதி அவசியம் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆனால் வெள்ள நாளில் அனுமதி கேட்டு எழுதிய காகிதம் மேசை மேசையாய் நகரும் நேரத்தையும் செய்தியின் வயதோடு கூட்டித்தான் ஆக வேண்டும். அந்த அனுமதியை மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும் என்று நம் சங்கத்தின் சார்பில் மாநகராட்சி அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால் என்ன என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பொறியியல் படிக்கும் நம் காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன ஆற்றுக் கணக்கில், இறங்கிய ட்ரோனுக்குப் பாட்டரி மாற்ற 5 நிமிஷம் பிடிக்கும் என்று சேர்த்துப் போட்டுப் பாருங்கள். உச்ச வயது 40 நிமிஷம் 45 ஆகும். மேட்டில் ஏறக் கிடைக்கும் நேரம் 21 நிமிஷமாய்ச் சுருங்கும். இரண்டாவது ட்ரோன் ஒன்றைக் கொடுத்தால், அதை எப்போது கிளப்புவீர்கள் என்பதை வரைந்து கொண்டுவாருங்கள். அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து பார்ப்போம்.